அடங்கலில் அப்பா பெயர்

முதல் விசா மறுப்பு வந்தபோது நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டும்வரை அந்தக் கேட் திறக்காது என்பதால் பஸ்ஸில் இருந்தவர்கள் பாதிப்பேர் இறங்கி வேர்க்கடலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கவில்லை. கைபேசியில் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் ஆங்கிலத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அதனால் முதலில் நான்தான் தவறாகப் புரிந்துகொள்கிறேன் என்று நினைத்தேன். பிறகு, புரிந்தது சரிதான் என்று தெரிந்தது.

வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்டார். “குடுத்துட்டானா?”

“இல்லப்பா.”

“ஏனாம்?”

“நாம காட்டுன நிலம் நம்ம பேர்ல இல்லையாம். அதனால படிச்சு முடிச்சதும் நான் ஊருக்குத் திரும்பி வருவேன்னு நம்ப முடியலையாம்.”

அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். “நிலம் நம்ம பேர்ல இல்லன்னு அவனுக்கு யாரு சொன்னா?” என்றார்.

யாரும் சொல்லவில்லை. நாங்கள்தான் சொல்லியிருந்தோம். நாங்கள் இணைத்த தாளிலேயே இருந்தது.

நடந்ததை வரிசையாக எழுதினால்தான் எனக்கே தெளிவாகும். கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் தானியச் சேமிப்புப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவைத்து, மழையில் முளைவிட்டதும் திரும்ப அள்ளிக்கொண்டு வருவதை எங்கள் ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதனால்தான் அந்தப் படிப்பு. செலவை சிங்கப்பூரில் இருக்கும் மாமா ஏற்றுக்கொண்டார். அவருடைய தாள்களில் ஒரு குறையும் இல்லை. மிச்சம் இருந்தது ஒரே கேள்வி: திரும்பி வருவதற்கு உனக்கு ஊரில் என்ன இருக்கிறது?

திருவாரூரில் ஜெராக்ஸ் கடை மாடியில் நெய்னா முகம்மது சார் நடத்தும் மாலை வகுப்பில்தான் நான் ஆங்கிலம் படித்தேன். விண்ணப்பம் போடுவதற்கும் அவரே உதவுவார். “நிலம் இருந்தா அதோட டாக்குமெண்டு கொண்டாம்மா” என்றார். நான் அடங்கல் கொண்டுபோனேன். இந்தப் பசலி ஆண்டில், இந்த வயலில், இன்னார் இன்ன பயிர் வைத்திருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதித் தரும் தாள் அது. அப்பா பெயர் இருந்தது. ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், என்று இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு அந்தத் தாள்தான். பயிர்க் காப்பீட்டுக்கும் அதுதான். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடவும் அதைத்தான் கேட்பார்கள். நான் கல்லூரியில் சேர்ந்தபோது உதவித்தொகைக்குக்கூட அப்பா அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் வந்தார். எந்த அலுவலகத்திலும் அதைக் காட்டி நாங்கள் திரும்பி வந்ததில்லை. அதற்கு மேல் ஒரு தாள் உலகத்தில் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. விண்ணப்பத்தில் ‘சொந்த நிலம்’ என்றே எழுதினோம்.

அடங்கலில் சாகுபடிதாரர் பெயருக்கு முந்தின கட்டத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரர் பெயர் இருக்கும். அதில் ‘வைத்தியலிங்கம்’ என்று இருந்தது. எத்தனையோ வருடமாக இருக்கிறது. அந்தக் கட்டத்தை எங்கள் தெருவில் யாரும் படிப்பதில்லை. விசா அதிகாரி அதை மட்டும்தான் படித்திருக்கிறார்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் நெய்னா சார் என்னை உட்காரச் சொன்னார்.

“எனக்கும் வயல் தெரியாதும்மா. எங்க வாப்பா கூத்தாநல்லூர்ல ஜவுளி வச்சிருந்தாரு. கவர்மெண்டு முத்திரை இருந்துச்சு, சரின்னுட்டேன். இப்ப திரும்பப் போடணும்னா மூணு வழி இருக்கு. ஒண்ணு, நிலத்தைப் பத்தியே பேசாம விட்டுடறது. ஆனா பழைய ஃபைலு அவங்ககிட்ட இருக்கும். போன தடவ பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

“நான் பொய் சொல்லல சார்.”

“நான் சொன்னேனா? அவங்க சொல்லுவாங்க. ரெண்டாவது வழி, இது குத்தகை நிலம், பதிவு இருக்குன்னு விளக்கி எழுதுறது. ஆனா குத்தகைன்னா அங்க வாடகைன்னுதான் படிப்பாங்க. வாடகை வீட்டுக்காகக் கடல் தாண்டி எவளாவது திரும்பி வருவாளாம்மா?”

பின்பெஞ்சில் பையை மாட்டிக்கொண்டிருந்த ஒருவன், “வீட்டுக்காரரு நல்லவரா இருந்தா வரலாம் சார்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

“மூணாவது?”

“நிலம் நிஜமாவே உங்கப்பா பேருக்கு வரணும். அது நடக்கற காரியமான்னு எனக்குத் தெரியாது.”

பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். இரண்டாவது வழிதான். நேர்மையானதும் அதுதான். எங்கள் பதிவு சாதாரணமானதில்லை. அறுபதுகளின் கடைசியில் ஆட்சி மாறிய புதிதில், உழுகிறவன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. சட்டம் வந்ததாலேயே பதிந்துவிடவில்லை. பண்ணையில் பதிவு கேட்டவர்களை வயலில் இறங்க விடவில்லை. அப்பாவின் அப்பா சவரியப்பன், விவசாயிகள் சங்கத்துக் கொடியோடு போய்த் தஞ்சாவூர் சிறையில் இருந்துவிட்டு வந்த பிறகுதான் ஆறு மாவும் குத்தகைப் பதிவேட்டில் ஏறியது. அதன்பிறகு எங்களை யாரும் வெளியேற்ற முடியாது. குத்தகை நெல்லை அளந்துவிட்டால் போதும். இதையெல்லாம் ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். அடித்து மறுபடி எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அது ஏதோ உதவி கேட்கும் மனுவைப் போலவே வந்தது. குறை என் ஆங்கிலத்திலா, விஷயத்திலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

சாப்பிடும்போது அப்பாவிடம் மூன்று வழிகளையும் சொன்னேன். மூன்றாவதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நடக்காத காரியம் என்ற தொனியில்தான் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

எங்கள் பக்கத்தில் ஒரு நடைமுறை உண்டு. பதிவு பெற்ற குத்தகைக்காரரைச் சொந்தக்காரரால் நீக்க முடியாது. சொந்தக்காரர் ஒப்பாமல் குத்தகைக்காரரால் அதை விற்கவும் முடியாது. இரண்டு பேர் கையையும் சேர்த்துப் பூட்டிய விலங்கு மாதிரிதான் அந்த நிலம். ஆகவே இருவரும் பேசி நிலத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். இரண்டு பங்கு சொந்தக்காரருக்கு. குத்தகைக்காரர் பதிவை விட்டுக்கொடுத்தால் ஒரு பங்கு அவர் பெயருக்குக் கிரயமாகும். புறவழிச் சாலை போட்ட நாளிலிருந்து வைத்தியலிங்கம் இதைக் கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். அப்பா ஒவ்வொரு தடவையும் வந்த ஆளுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுவார். இந்தத் தடவை அவரே கும்பகோணத்துக்குப் போய் வைத்தியலிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

செய்தி எங்களுக்கு முன்னால் விவசாயிகள் சங்கத்துக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலமே ராஜாங்கம் மாமா வந்தார். சங்கத்தின் கிளைச் செயலாளர், அப்பாவோடு சேர்ந்து வளர்ந்தவர். வாசலில் சைக்கிளை நிறுத்தாமல் அதைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

“என்னய்யா பெரியநாயகசாமி, பாகம் பிரிச்சிட்டியாமே?”

“இன்னும் பிரிக்கல. பிரிக்கப் போறேன்.”

“உங்கப்பன் இந்தப் பதிவுக்காக ஜெயில்ல களி தின்னாருய்யா.”

“தின்னாரு. யாரு இல்லன்னா? அவரு தின்ன களிக்கு நான் இவ்வளவு காலம் சோறு தின்னேன். எம்மவ எத வச்சுக் கனடா போறது? அதையும் அவருதான் தின்னு குடுக்கணுமா?”

“கனடாக்காரன் கேட்டான்னு நாலு மாவத் தூக்கிக் குடுப்பியா? நாளைக்கு அவன் வேட்டியக் கேட்டா?”

“ராஜாங்கம் அண்ணே” என்று அம்மா உள்ளேயிருந்து வந்தார். “உங்க மவன் துபாய் போனானே, அவன்கிட்ட எந்த வயலக் காட்டச் சொன்னாங்க?”

“அவன் கொத்தனாரு சகாயம்மா. கொத்தனாரப் பாத்துத் திரும்பி வருவியான்னு எவன் கேக்குறான்? வேலை முடிஞ்சா அவங்களே ஏத்தி அனுப்பிருவாங்க. படிக்கப் போறவளத்தான் கேப்பாங்க. படிச்சவ அங்கயே உக்காந்துட்டா?” மாமா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு விண்ணரசி. நீதானே எழுதத் தெரிஞ்சவ. உங்கப்பன் கையெழுத்துப் போடணுமா வேணாமா?”

எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். “வேணாம் மாமா. நான் விளக்கமா ஒரு கடுதாசி எழுதியிருக்கேன். அதையே வச்சுப் போடலாம்.”

“படி” என்றார் அப்பா.

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். என் தந்தை ஒரு குத்தகை விவசாயி. நிலம் அவருக்குச் சொந்தமில்லை. ஆனால் சட்டப்படி அதைச் சாகுபடி செய்யும் உரிமை அவருக்கு உண்டு. இந்த உரிமை வாரிசுகளுக்கும் வரும். முந்தைய விண்ணப்பத்தில் ஏற்பட்ட குழப்பத்துக்கு வருந்துகிறேன்.

முடித்தபோது அப்பாதான் முதலில் பேசினார்.

“இதக் கேட்டா எனக்கே உன்ன அனுப்பத் தோணலியேம்மா.”

மாமா சைக்கிளைத் திருப்பினார். போகும்போது, “நாளைக்குப் பின்னாடி சங்கத்துல வந்து நிக்காத பெரியநாயகசாமி. ரெண்டு மா மிராசுக்கு எங்ககிட்ட நாக்காலி இல்ல” என்றார். அம்மா, “டீ குடிச்சிட்டுப் போலாமில்ல” என்று வெறும் வாசலைப் பார்த்துச் சொன்னார்.

பதிவை நீக்குவதற்கு வாக்குமூலம் கொடுக்கத் தாசில்தார் அலுவலகத்துக்குப் போனோம். வைத்தியலிங்கம் காரில் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய ஆள். கோபமில்லாத முகம். என்னைப் பார்த்து, “இந்தப் பொண்ணுதான் போவுதா? நல்லா படிம்மா” என்றார். அவர் வக்கீலின் குமாஸ்தா எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தை நான் வாங்கிப் படித்தேன். ‘மேற்படி நிலத்தில் நான் பல ஆண்டுகளாகச் சாகுபடி ஏதும் செய்யவில்லை. நிலம் உரிமையாளரின் நேரடி அனுபவத்திலேயே இருந்து வருகிறது. எனவே என் பெயரைக் குத்தகைப் பதிவேட்டிலிருந்து நீக்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று இருந்தது.

“சாகுபடி செய்யலன்னு போட்டிருக்கே” என்றேன்.

“எல்லாத்துக்கும் இப்படித்தாம்மா எழுதுறது” என்றார் குமாஸ்தா. “செய்யறேன்னு எழுதுனா எப்படி நீக்குவாங்க? அப்புறம் பதிவு எதுக்கு இருக்கு?”

“போன தையில கூட நாமதானேப்பா அறுத்தோம்.”

“வார்த்தைதானேம்மா” என்றார் அப்பா. “ரெண்டு மா நம்ம பேருக்கு வருதில்ல? அதுக்குக் குடுக்கற வார்த்தை.”

நான் இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம். தாசில்தார் அப்பாவைப் பார்த்து, “சொந்த விருப்பத்துலதான் சொல்றீங்களா? யாரோட தூண்டுதலும் இல்லையே?” என்று கேட்டார். அப்பா, “இல்லீங்க” என்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்து சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயம். சாலையோரத்து நாலு மாவை வைத்தியலிங்கம் வைத்துக்கொண்டார். எங்களுக்கு வந்தது வடிகாலை ஒட்டிய இரண்டு மா. ஐப்பசியில் முதலில் முழுகுவதும் கடைசியில் வடிவதும் அதுதான். கையெழுத்து முடிந்ததும் வைத்தியலிங்கம் அப்பாவின் தோளைத் தட்டி, “இனிமே நீயும் மிராசுதான்யா” என்றார். அப்பா இத்தனை வருடமும் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். குத்தகை நெல் அளக்கும்போதும் சார்தான். அன்று, “ஆமாங்கய்யா” என்றார். அதை அவரே கவனித்தாரா என்று தெரியவில்லை. நான் கவனித்தேன்.

பட்டா வந்ததும் நெய்னா சாரிடம் கொண்டுபோனேன். அவர் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, “இது டாக்குமெண்டு” என்றார். மதிப்பீட்டுச் சான்று, மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் இணைத்தோம். முந்தைய மறுப்பைப் பற்றி நான் எழுதிய வரியை அவரும் நானுமாகத் திருத்தினோம். குத்தகை என்ற சொல்லை அவர் எடுக்கச் சொன்னார். “பட்டா இருக்கையில அது எதுக்கும்மா? ஆபீசரக் கொழப்பும்.” எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ‘நிலத்தின் ஆவணங்கள் தற்போது முறைப்படுத்தப்பட்டுள்ளன’ என்று மட்டும் எழுதினோம்.

அந்த வருடம் மேட்டூர் குறுவைக்குத் திறக்கவில்லை. எங்கள் ஊரில் போர்செட் வைத்திருப்பவர்கள் மட்டும் நாற்று விட்டார்கள். எங்களிடம் போர் இல்லை. நாலு மாவில் லாரி லாரியாக மண் வந்து இறங்கியது. பொக்லைன் வரப்புகளை ஒரே நாளில் நிரவிவிட்டது. பிறகு வீட்டு மனைகளாகப் பிரித்து மஞ்சள் கல் நட்டார்கள். அப்பா வடிகால் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்த் தன் இரண்டு மாவைப் பார்த்துவிட்டு வருவார். சாலை வழியே போனால் கிட்டேதான். ஆனால் சங்கத்துக் கொட்டகையைத் தாண்டிப் போக வேண்டும். அந்தப் பக்கம் அவர் போவதில்லை.

“தண்ணி வந்தா சம்பா வைக்கலாம்” என்பார் அம்மா.

“ரெண்டு மாவுக்கு எவன் நடவாள் வருவான்?” என்பார் அப்பா.

இரண்டாவது கடிதம் வகுப்பில் இருந்தபோது வந்தது. நெய்னா சாரின் கணினியில்தான் திறந்தேன். அவர் எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்தார். நான் நின்றுகொண்டே படித்தேன்.

விண்ணப்பதாரரின் தந்தை காட்டியுள்ள நிலம், முந்தைய மறுப்புக்குப் பிறகு, இந்த விண்ணப்பத்துக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவர் பெயரில் வாங்கப்பட்டுள்ளது. முந்தைய விண்ணப்பத்தில் இதே நிலம் ஏற்கெனவே சொந்தமானதாகக் கூறப்பட்டிருந்தது. அப்போது காட்டிய பரப்பில் மூன்றில் ஒரு பங்கே இப்போது உள்ளது. இந்தச் சொத்து விண்ணப்பத்துக்காகவே ஏற்படுத்தப்பட்டது என்று கருத இடமிருக்கிறது. குடும்பத்துக்கு இந்த நிலத்தோடு நீண்டகாலப் பிணைப்பு இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை.

நான் ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து, இதில் எது தவறு என்று பார்த்தேன். நிலம் இப்போதுதான் எங்கள் பெயருக்கு வந்தது. முன்பே சொந்தம் என்று எழுதியிருந்தோம். ஆறு மா இரண்டு மாவாகிவிட்டது. விண்ணப்பத்துக்காகத்தான் வாங்கினோம். எங்கள் வயலைப் பார்த்தறியாத ஒருவர் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. கடைசி வரிகூட, நிரூபிக்கப்படவில்லை என்றுதான் சொல்கிறது. இல்லை என்று சொல்லவில்லை.

நெய்னா சார் வகுப்பை முன்னதாகவே அனுப்பிவிட்டார். எனக்கு எதிரில் உட்கார்ந்து, “மனசத் தளர விடாதம்மா. யுனிவர்சிடி ஒரு தடவ தள்ளி வச்சாங்க, இன்னொரு தடவ கேட்டுப் பாப்போம். மூணாவது தடவ போடலாம். அவங்க கேக்கறது ஒண்ணுதான். நீங்க ரொம்பக் காலமா அந்த நிலத்துல இருக்கீங்கன்னு காட்டணும். கவர்மெண்டு ரெக்கார்டு ஏதாவது இருக்குமில்ல? உங்க தாத்தா காலத்துலேருந்து பயிர் பண்றீங்கன்னு?” என்றார்.

“இருந்துச்சு சார்.”

“அதோட காப்பி வாங்கிட்டு வாம்மா. அதான் வேணும்.”

என் பையிலேயே இருந்தது. நான் எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. வாக்குமூலத்தின் நகலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இனி பதிவேட்டு நகல் கேட்டால், பெயரை நீக்கிய இந்தத் தாளையும் சேர்த்துத்தான் தருவார்கள். நெய்னா சார் உதட்டசைத்துப் படித்தார். ‘பல ஆண்டுகளாகச் சாகுபடி ஏதும் செய்யவில்லை’ என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இது உங்கப்பா கையெழுத்தா?”

“ஆமா சார்.”

“இத எதுக்கும்மா எழுதிக் குடுத்தாரு?”

“பட்டாவுக்கு.”

அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு மின்விசிறியை நிறுத்தப் போனார். அதன்பிறகு நாங்கள் மூன்றாவது தடவையைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டில் அப்பா ஏதோ வேலையாக இருப்பதுபோல மண்வெட்டியின் காம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

“ஏனாம்?” என்றார், முதல் தடவை கேட்டதுபோலவே.

“நாம அங்க புதுசாம்ப்பா.”

அப்பா காம்பைத் தட்டுவதை நிறுத்தவில்லை. அம்மாதான் உள்ளே போய் மாதா படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த விளக்கில் எண்ணெய் விட்டுவிட்டு வந்தார். யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் யாரைத் திட்டுவது? மூன்றாவது வழியை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான். அதில் நடந்து போனது அப்பா. இரண்டு பேரையும் போகவிட்டு வாசலில் நின்றது அம்மா.

பல்கலைக்கழகம் இடத்தை இன்னொரு தடவை தள்ளி வைக்கவில்லை. நான் மாலை வகுப்புக்கு இன்னும் போகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்ப நெய்னா சாருக்கு உதவுகிறேன். நிலம் என்ற இடம் வந்தால் தாளை வாங்கி, முதலில் சொந்தக்காரர் கட்டத்தைப் பார்க்கிறேன்.

போன வாரம் கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கைப் புதுப்பிக்க அப்பா இந்தப் பசலிக்கு அடங்கல் வாங்கி வந்தார். பழக்கத்தில் என்னிடம் கொடுத்து, “பத்திரமா வை” என்றார். பிரித்துப் பார்த்தேன். சொந்தக்காரர் கட்டத்தில் பெரியநாயகசாமி என்று இருந்தது. சாகுபடிதாரர் கட்டத்திலும் பெரியநாயகசாமி என்று இருந்தது. எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர் வருவது இதுதான் முதல் தடவை. பயிர் என்ற கட்டத்தில் ‘தரிசு’ என்று எழுதியிருந்தார்கள்.

அதுவும் பொய்யில்லை.